ஐஸ்லாந்துக்காரர் ஐம்பதாயிரம் யூனிட்டை என்ன செய்கிறார்? தலா மின்நுகர்வுப் பட்டியல் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய புள்ளியியல் நிறுவனத்தாருக்கும், அவர்கள் தரும் எண்களை வரைபடமாகவும் தரவரிசையாகவும் மாற்றிப் பரப்பும் இதழாளர்களுக்கும், பாடநூல் எழுதுவோருக்கும்,

வணக்கம்.

நாடுகளின் தலா மின்நுகர்வு என்று ஒரு பட்டியலை நீங்கள் தொடர்ந்து வெளியிட்டு வருகிறீர்கள். ஒரு நாட்டில் ஓராண்டில் செலவான மின்சாரத்தை அந்த நாட்டு மக்கள்தொகையால் வகுத்து, வரும் ஈவைத் தலைக்கு இத்தனை யூனிட் என்று போடுகிறீர்கள். உச்சியில் ஐஸ்லாந்து, 50,000 யூனிட் அளவில். அதற்கு வெகு கீழே, 20,000-ஐத் தாண்டி நார்வே. அமெரிக்கா 12,000 பக்கம், சீனா 7,000, ஜெர்மனி 6,000, இந்தியா 1,400, நைஜீரியா 150 என்று எண்கள் இறங்கிக்கொண்டே போகும். நீங்கள் வகுத்ததில் பிழை இல்லை. ஆனால் பட்டியல் கையைவிட்டுப் போன மறுநாளே அதை வைத்து என்ன பேசுகிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். ஓர் அமெரிக்கர் எட்டு இந்தியர்களின் மின்சாரத்தை ஒற்றை ஆளாகச் செலவழிக்கிறார் என்பார் ஒருவர். சீனர்கள் இப்போது ஜெர்மானியர்களைவிட வசதியாக வாழ்கிறார்கள் என்பார் இன்னொருவர். நார்வேக்காரர்களுக்குச் சிக்கனமே தெரியாது என்று மூன்றாமவர் தீர்ப்பே எழுதிவிடுவார். இந்த மூன்று பேச்சுக்கும் உங்கள் பட்டியல்தான் சாட்சியாக நிற்கிறது. அது சொல்லாத விஷயங்களுக்கெல்லாம் சாட்சி.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒற்றை எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் அச்சிடுங்கள்: வீடுகளுக்குள் சென்ற மின்சாரம் மட்டும் தலைக்கு எவ்வளவு என்பது. இரண்டும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். எங்கோ பின்னிணைப்பில் அல்ல.

ஏன் என்பதற்கு ஐஸ்லாந்தே போதும். அங்கே மொத்தம் 4 லட்சத்துக்கும் குறைவான மக்கள். ஆண்டு மின்உற்பத்தி ஏறத்தாழ 2,000 கோடி யூனிட். வகுத்தால் தலைக்கு 50,000 வருகிறது. பார்ப்பவர் உடனே சொல்வது, குளிர் நாடு, வீட்டைச் சூடாக்கவே அவ்வளவும் போகும் என்பதுதான். அப்படிப் போகவில்லை. அங்கே பத்தில் ஒன்பது வீடுகளைச் சூடாக்குவது பூமிக்கடியிலிருந்து எடுக்கும் புவிவெப்பம். வெந்நீராகக் குழாய் வழியே வீட்டுக்கு வந்துவிடுகிறது. மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்குபவை மூன்று அலுமினிய ஆலைகள். முதலாவது 1969-இல் ஸ்ட்ராய்ம்ஸ்விக்கில் தொடங்கியது. இரண்டாவது 1998-இல் கிரண்டார்டாங்கியில். மூன்றாவது 2007-இல் நாட்டின் கிழக்குக் கரையில். இந்த மூன்றாவது ஆலை ஒன்றுக்காகவே 690 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்றை மலைக்குள் குடைந்து கட்டினார்கள்.

அலுமினியம் ஏன் இப்படி மின்சாரத்தைக் குடிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1886-இல் அமெரிக்காவின் சார்லஸ் ஹாலும் பிரான்ஸின் பால் ஏரூவும் தனித்தனியாகக் கண்டுபிடித்த முறைதான் இன்றுவரை நடப்பில் இருக்கிறது. அலுமினிய ஆக்சைடான அலுமினாவை, ஏறத்தாழ 960 டிகிரி வெப்பத்தில் உருகிய கிரையோலைட் என்ற கனிமத்தில் கரைத்து, அதன் வழியே நேர்மின்னோட்டத்தைச் செலுத்தி உலோகத்தைப் பிரிப்பார்கள். ஒரு கிலோ அலுமினியத்துக்கு 13 முதல் 15 யூனிட் ஆகும். இடையில் சில மணி நேரம் மின்சாரம் நின்றால் தொட்டியில் இருப்பதெல்லாம் இறுகிப் பாறையாகிவிடும். அதனால் இரவும் பகலும், பண்டிகை நாளிலும் ஓடியே ஆக வேண்டும். ஐஸ்லாந்தில் ஆண்டுக்கு 8 லட்சம் டன்னுக்கும் மேல் உற்பத்தியாகிறது. உங்கள் பாணியிலேயே வகுத்துப் பார்த்தேன்: தலைக்கு 2 டன்னுக்கு மேல் அலுமினியம். தொட்டில் குழந்தைக்கும் 2 டன். அத்தனையையும் அவர்கள் வீட்டுக் கொல்லையிலா அடுக்கி வைத்திருக்கிறார்கள்? மூலப்பொருள் கப்பலில் வந்து இறங்குகிறது. உலோகம் கப்பலில் ஏறிப் போகிறது. ஏதோ ஒரு நாட்டில் காராகவும் ஜன்னல் சட்டமாகவும் பான டப்பாவாகவும் அது மாறும்போது, அந்த மின்சாரம் பயன்படுத்துகிறவர் பெயரில் ஏறுவதில்லை. ஐஸ்லாந்துக்காரர் பெயரிலேயே நிற்கிறது. அவர்களுடைய வீடுகளுக்குள் செல்வது மொத்தத்தில் ஏறத்தாழ 5 சதவீதம், தலைக்கு 2,500 யூனிட் அளவில். 50,000 எங்கே, 2,500 எங்கே!

ஐஸ்லாந்து வசதியான நாடு. இந்தக் கணக்கால் அதற்கு நஷ்டமில்லை. தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டாலும் அங்கே யாரும் இருட்டில் உட்காரப் போவதில்லை. இதே வகுத்தல் மொசாம்பிக்கில் என்ன செய்தது என்று பாருங்கள். தலைநகர் மபூட்டோவுக்கு அருகே 2000-இல் மோசால் என்ற அலுமினிய ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் விரிவாக்கப்பட்டபோது அதன் தேவை 900 மெகாவாட்டைத் தாண்டியது. ஆண்டு முழுக்க இடைவிடாமல் ஓடும் 900 மெகாவாட் என்றால் 788 கோடி யூனிட். அதை 3 கோடி மக்களுக்கு வகுத்தால் தலைக்கு 260 யூனிட் அளவில் கூடுகிறது. அந்த நாட்டின் பட்டியல் எண்ணில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு அந்த ஒற்றை ஆலையுடையதாக இருந்தது. அதே காலத்தில் நாட்டு மக்களில் பெரும்பாலோருக்கு மின்இணைப்பே கிடையாது. தலா நுகர்வு மளமளவென்று ஏறியதைப் பட்டியலில் பார்த்தவர், ஊர் ஊராக விளக்கு எரியத் தொடங்கிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார். ஆலை வந்ததால் வேலையும் வருவாயும் வந்தன; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வருவாய் வேறு, விளக்கு வேறு. தஜிகிஸ்தானிலும் இதே நிலைதான்: ஒற்றை அலுமினிய ஆலை நாட்டு மின்சாரத்தின் கணிசமான பங்கை எடுத்துக்கொண்டபோது, ஆறுகள் வற்றும் குளிர்காலத்தில் கிராமங்களுக்கு நாளொன்றுக்குச் சில மணி நேரமே மின்சாரம் போனது.

நாட்டுக்குள்ளேயும் இந்த விளையாட்டு உண்டு. இந்தியாவின் மாநிலவாரிப் பட்டியலில் தாத்ரா நகர் ஹவேலி, தாமன் தியூ ஒன்றியப் பகுதியைத் தேடிப் பாருங்கள். தலைக்கு 10,000 யூனிட்டைத் தாண்டி, பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளை எட்டி உதைக்கும். சிறிய மக்கள்தொகை, நெருக்கமான தொழிற்பேட்டைகள், அவ்வளவுதான் காரணம். அதை யாரும் இந்தியாவின் சொர்க்கபுரி என்று சொல்வதில்லை, ஏனென்றால் காரணம் இந்தியர்களுக்குத் தெரியும். தொலைவில் இருக்கிற நாடு என்றால் காரணம் தெரியாது. அங்கேதான் எண் தனியாகப் பேசத் தொடங்குகிறது.

சீனா, ஜெர்மனி, அமெரிக்கா மூன்றையும் நான் கேட்கும் இரண்டு எண்களோடு நிறுத்திப் பாருங்கள். 2024-இல் சீனாவின் மொத்த மின்நுகர்வு 9.85 லட்சம் கோடி யூனிட். அதில் நகர, கிராம வீடுகளுக்குச் சென்றது 1.49 லட்சம் கோடி. மக்கள்தொகை 140.8 கோடி. மொத்தக் கணக்கில் தலைக்கு 7,000. வீட்டுக் கணக்கில் 1,060. ஜெர்மனியில் மொத்தம் 6,000 அளவில். வீட்டுக்குள் 1,500 அளவில். ஆக, முதல் எண்ணில் சீனா ஜெர்மனியைத் தாண்டிவிட்டது. இரண்டாவது எண்ணில் இன்னும் மூன்றில் இரண்டு பங்கைத்தான் எட்டியிருக்கிறது. அமெரிக்காவில் மொத்தம் 12,000, வீட்டுக்குள் 4,300 பக்கம். சீனரையும் அமெரிக்கரையும் மொத்தத்தில் ஒப்பிட்டால் வித்தியாசம் இரண்டு மடங்குகூட இல்லை. வீட்டுக்குள் ஒப்பிட்டால் நான்கு மடங்கு. இந்தியாவை எடுத்தால், கம்பியில் போகும் இழப்பைக் கழித்த மொத்தத்தில் வீடுகளின் பங்கு சுமார் கால் பகுதி. தலைக்கு ஆண்டுக்கு 250 யூனிட் அளவில் வரும். எட்டு இந்தியர் என்று முதலில் சொன்னாரே, அவர் கணக்கைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். வீட்டுக்குள் என்று பார்த்தால் எட்டு பதினேழாகிறது! சமத்துவமின்மையைப் பற்றிப் பேச விரும்புகிறவர்களுக்கும் உங்கள் ஒற்றை எண் துரோகம்தான் செய்கிறது. சில இடங்களில் அது ஏற்றத்தாழ்வைக் கூட்டிக் காட்டுகிறது, சில இடங்களில் பாதியாகக் குறைத்துக் காட்டுகிறது.

இந்த எண்களின் வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது ரகசியமில்லை. சீனாவின் உருக்காலைகள், சிமெண்ட், ரசாயனம், உலகத்தின் அலுமினியத்தில் பாதிக்கு மேல், எல்லாம் அந்த 7,000-க்குள் இருக்கின்றன. அவற்றில் விளைந்த பொருள்களில் ஒரு பகுதி எல்லா நாட்டுக் கடைகளிலும் இருக்கிறது. கார்பன் உமிழ்வைக் கணக்கிடுகிறவர்கள் இந்தச் சிக்கலை எதிர்கொண்டுவிட்டார்கள். உலக கார்பன் திட்டம், உற்பத்தி நடந்த நாட்டின் கணக்கு ஒன்றும் பொருளைப் பயன்படுத்திய நாட்டின் கணக்கு ஒன்றும் என இரண்டையும் அருகருகே தருகிறது. மின்சாரத்துக்கு அந்த அளவு நுணுக்கம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வீடு, வீட்டுக்கு வெளியே என்று இரண்டாகப் பிரித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

பாதிதான் தீரும். மீதிக் குழப்பம், மின்சாரம் எந்த வேலையைச் செய்கிறது, எந்த வேலையை வேறு எரிபொருளுக்கு விட்டுவிடுகிறது என்பதில் இருக்கிறது. பிரிட்டனில் ஒரு நடுத்தர வீட்டின் ஆண்டு மின்தேவையை 2,700 யூனிட் என்று அங்குள்ள எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு 2023-இல் வைத்தது. சிக்கனமான குடும்பம் என்று தோன்றும். அதே வீட்டுக்கு அது குறித்த எரிவாயு, அதே யூனிட் கணக்கில், 11,500. குளிருக்கான செலவு முழுவதும் அந்த இரண்டாவது எண்ணில் இருக்கிறது. மின்பட்டியலில் அது தலைகாட்டுவதில்லை. ஆங்கிலக் கால்வாயின் மறுகரையில் பிரான்ஸ். அங்கே ஏராளமான வீடுகளைச் சூடாக்குவது மின்சாரம்தான். குளிர்காலத்தில் வெப்பநிலை ஒரு டிகிரி இறங்கினால் நாட்டின் மின்தேவை ஏறத்தாழ 2,400 மெகாவாட் கூடுகிறது. இரண்டு அணு உலைகளின் மின்சாரம், ஒரு டிகிரிக்காக! இந்த இரண்டு நாட்டு மக்களின் வாழ்க்கை வசதியில் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. ஆனால் மின்பட்டியலில் ஒருவர் செலவாளி, ஒருவர் சிக்கனக்காரர்.

நார்வேக்கு வருகிறேன். சிக்கனம் தெரியாதவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். 2020 ஜனவரி முதல் அங்கே கட்டடங்களைச் சூடாக்கக் கனிம எண்ணெய் எரிக்கத் தடை. 2024-இல் விற்ற புதிய கார்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது மின்சாரக் கார்கள். எண்ணெய் அடுப்பை அணைத்துவிட்டு, வெளியில் உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுக்கும் வெப்பப் பம்பு வைத்தவரும், பெட்ரோல் காரை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கியவரும் மொத்த எரிசக்தியைக் குறைத்திருக்கிறார்கள். மின்சாரத்தை மட்டும் கூட்டியிருக்கிறார்கள். உங்கள் பட்டியல் இரண்டாவதை மட்டுமே பார்க்கும். இனி வரும் ஆண்டுகளில் ஒவ்வொரு நாடும் இந்தப் பாதையில் போகும்போது தலா மின்நுகர்வு எல்லா இடத்திலும் ஏறும். அதைப் பார்த்து விரயம் பெருகிவிட்டது என்று தலையங்கம் எழுத ஆள் இருக்கும். இப்போதே சொல்லி வைக்கிறேன்.

பட்டியலின் அடிப்பகுதிக்கு வேறு ஒரு நோய். அங்கே சிக்கல் எண்ணின் பொருளில் இல்லை, எண்ணிலேயே இருக்கிறது. நைஜீரியாவின் 150 யூனிட், கிரிட் எனப்படும் பொது மின்கட்டமைப்பு வழியே போன மின்சாரம். 20 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் அந்த நாட்டில் வீடும் கடையும் வங்கியும் மருத்துவமனையும் பெட்ரோல், டீசல் ஜெனரேட்டரில் ஓடுவது அன்றாட நடைமுறை. அந்த மின்சாரத்துக்கு மீட்டர் கிடையாது, படிவம் கிடையாது, ஆகவே பட்டியலிலும் இடம் கிடையாது. லெபனானில் அரசு மின்சாரம் சில மணி நேரமாகச் சுருங்கியபோது தெருவுக்குத் தெரு தனியார் ஜெனரேட்டர்க்காரர்கள்தான் வீடுகளுக்குக் கம்பி இழுத்தார்கள். பாகிஸ்தானில் 2024 ஒரே ஆண்டில் ஏறத்தாழ 17,000 மெகாவாட் சூரியத் தகடுகள் சீனாவிலிருந்து வந்து இறங்கின. கட்டண உயர்வைப் பொறுக்க முடியாமல் வீடுகளும் ஆலைகளும் கூரையிலேயே மின்சாரம் எடுத்துக்கொண்டன. கிரிட்டில் விற்பனை சரிந்தது. கூரையில் விளைந்ததை மதிப்பிட்டுச் சேர்க்காவிட்டால், பாகிஸ்தானியர்கள் மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டார்கள் என்றுதான் உங்கள் எண் சொல்லும். கூரைக்கு மேல் நடந்ததோ நேர்மாறு.

எதை வகுக்கிறீர்கள் என்பதிலாவது உங்களுக்குள் ஒற்றுமை உண்டா? உலக வங்கி வெளியிடும் குறியீடு, மின்நிலையங்களின் உற்பத்தியிலிருந்து கம்பியில் போகும் இழப்பையும் மின்நிலையங்கள் தமக்கே செலவிட்டுக்கொள்வதையும் கழித்த மிச்சத்தை வகுக்கிறது. இந்தியாவின் மத்திய மின்சார ஆணையம் இழப்பையும் உள்ளடக்கிய மொத்தத்தை, ஆலைகள் சொந்தமாக உற்பத்தி செய்துகொள்வதையும் சேர்த்து வகுக்கிறது. 2023-24-க்கு அது தந்த 1,395 அப்படி வந்தது. இரண்டும் தவறில்லை. ஆனால் ஒரு நாட்டுக்கு முதல் கணக்கையும் இன்னொரு நாட்டுக்கு இரண்டாவதையும் எடுத்து ஒரே வரிசையில் நிறுத்துகிற வரைபடங்கள் எத்தனை! இழப்பைக் கழிக்கும் முறையில் கொக்கி போட்டு எடுக்கும் மின்சாரமும் இழப்பாகவே போய்விடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருடியவரும் விளக்குத்தானே எரித்தார்? நுகர்வு நடந்திருக்கிறது, கணக்கில்தான் இல்லை. மீட்டர் இல்லாத பாசனப் பம்புசெட்டுகளின் கதையும் இதுதான். அவற்றின் நுகர்வு அளந்தது அல்ல, மதிப்பிட்டது.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் நுகர்வுக்குப் பதில் உற்பத்தியையே வகுத்துவிடுகிறார்கள். பராகுவேக்கு அப்படிச் செய்தால் வேடிக்கையாக இருக்கும். 14,000 மெகாவாட் இத்தாய்ப்பு அணையின் மின்சாரத்தை 1973 ஒப்பந்தப்படி பராகுவேயும் பிரேசிலும் சரிபாதியாகப் பகிர்கின்றன. தன் பாதியைப் பராகுவே முழுக்கப் பயன்படுத்த முடியாமல் பல பத்தாண்டுகளாகப் பெரும்பகுதியைப் பிரேசிலுக்கே விற்று வந்தது. உற்பத்தியை வகுத்தால், சாவ் பாவ்லோவில் எரிந்த விளக்கெல்லாம் பராகுவேக்காரர் தலையில் விடியும். பூடானும் லாவோஸும் இப்படித்தான்.

வகுக்கும் எண்ணான மக்கள்தொகை மட்டும் உறுதியானதா என்ன? இந்தியாவின் தலா எண்கள் அனைத்தும் நீண்ட காலமாக 2011 கணக்கெடுப்பை அடியாக வைத்து முன்னோக்கி ஊகித்த மக்கள்தொகையின் மேல் நிற்கின்றன. லக்ஸம்பர்க்கில் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் அண்டை நாடுகளிலிருந்து நாள்தோறும் வேலைக்கு வந்து போகிறார்கள். அவர்கள் செலவழிக்கும் மின்சாரம் மேலே சேரும், ஆள் கீழே சேரமாட்டார். மாலத்தீவில் ஐந்து லட்சம் மக்களுக்கு ஆண்டுக்கு 20 லட்சம் சுற்றுலாப் பயணிகள். வளைகுடா நாடுகளின் கதை இதைவிடக் கூர்மையானது. கத்தாரில் வசிப்பவர்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் வெளிநாட்டினர். குவைத்தில் குடிமக்களின் வீட்டு மின்கட்டணம் 1966 முதல் யூனிட்டுக்கு 2 ஃபில்ஸ். கடல்நீரைக் குடிநீராக்குவதும் ஏசியும் சேர்ந்து தலா எண்ணை உயரத்தில் வைத்திருக்கின்றன. அந்தச் சராசரி, பத்து அறை மாளிகையையும் ஓர் அறையில் பத்துப் பேர் தங்கும் தொழிலாளர் முகாமையும் ஒன்றாகக் கலக்கிக் கிடைத்தது. நான் கேட்கும் வீட்டு எண்கூட இதைப் பிரித்துக் காட்டாது, ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் குடும்பவாரி ஆய்வு வேண்டும், வருமான அடுக்குப்படி நுகர்வு வேண்டும். எந்தெந்த நாடுகளில் அது இருக்கிறதோ அங்கேயாவது பயன்படுத்துங்கள்.

உங்கள் எண்ணுக்கு ஆய்வுலகில் கிடைத்த மரியாதைக்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. 2000-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் பாஸ்டர்னாக், மக்கள்தொகை மிகுந்த 60 நாடுகளின் தலா மின்நுகர்வையும், ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து அளக்கும் மனித வளர்ச்சிக் குறியீட்டையும் ஒப்பிட்டார். 4,000 யூனிட்வரை இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. அதற்கு மேல் மின்சாரம் எவ்வளவு கூடினாலும் குறியீடு பெரிதாக நகர்வதில்லை என்று கண்டார். நல்ல ஆய்வு. ஆனால் அதற்குப் பிறகு 4,000 என்பது ஏதோ இயற்கை விதிபோல மேற்கோள் காட்டப்படுகிறது. அது 1990-களின் மின்சாரம். அன்றைக்கு 1 யூனிட்டில் 60 வாட் குண்டு பல்பு 17 மணி நேரம் எரிந்தது. இன்றைக்கு அதே வெளிச்சத்தை 9 வாட் எல்இடி 110 மணி நேரம் தரும். குளிர்பெட்டியும் மின்விசிறியும் மோட்டாரும் மாறிவிட்டன. அன்றைய 4,000-ஐ இன்றைய நாட்டுக்கு இலக்காக வைப்பது பொருந்தாது. எனக்கு இதைவிடப் பிடித்தது, எனர்ஜி ஃபார் குரோத் ஹப் என்ற ஆய்வமைப்பு முன்வைத்த குறைந்தபட்ச அளவு: ஆளுக்கு ஆண்டுக்கு 1,000 யூனிட். அதில் 300 வீட்டுக்குள், 700 வீட்டுக்கு வெளியே. அளவு சரியா என்று வாதிடலாம். பிரித்துச் சொன்னார்கள் பாருங்கள், அதுதான் நான் உங்களிடம் கேட்பது.

அந்த 700-ஐ நான் மறந்துவிடவில்லை. தொழிற்சாலை மின்சாரமும் மக்களுக்குத்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். ஆம். மருத்துவமனை, ரயில், குடிநீர்ப் பம்பு, வேலை தரும் ஆலை எல்லாம் வீட்டுக்கு வெளியேதான். வீட்டு எண்ணை மட்டும் போட்டால் அதுவும் அரைகுறைப் படம்தான். அதனால்தான் மொத்த எண்ணை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி எதைச் சொல்கிறது என்று வாசகர் கேட்க வேண்டும். அதற்கு இரண்டும் கண்ணில் பட வேண்டும். அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே மீட்டரில் பதிவாகும் மின்சாரத்தில் தரவு மையங்களின் பங்கு 2015-இல் 5 சதவீதம். 2023-இல் 21 சதவீதம். அதே ஆண்டில் நகர்ப்புற வீடுகள் அத்தனையும் சேர்ந்தே 18 சதவீதம்தான். இந்தத் தகவலை அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே தனியாகப் பிரித்து வெளியிட்டதால்தான் அங்கே அதைப் பற்றி விவாதமே நடந்தது. தலா எண்ணை மட்டும் கொடுத்திருந்தால், ஐரிஷ்காரர்கள் ஏன் திடீரென்று அதிகம் செலவழிக்கிறார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருப்போம்.

புதிதாகக் கணக்கெடுக்க ஆள் இல்லை, பணம் இல்லை என்ற பதிலும் எதிர்பார்க்கிறேன். வேண்டாம். பன்னாட்டு எரிசக்தி முகமை ஆண்டுதோறும் தயாரிக்கும் எரிசக்திச் சமநிலை அட்டவணைகளில் வீடு, தொழில், வணிகம், வேளாண்மை, போக்குவரத்து என்று மின்சாரம் ஏற்கெனவே பிரிந்துதான் கிடக்கிறது. ஐநா புள்ளியியல் பிரிவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோஸ்டாட்டும் இப்படியே கேட்டு வாங்குகின்றன. பிரித்து வாங்கியதைக் கூட்டி ஒன்றாக்கி, பிறகு வகுத்துத் தருகிறீர்கள். கூட்டுவதற்கு முன் ஒருமுறை வகுத்தால் போதும்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். மொத்தத் தலா நுகர்வு ஒரு பத்தி, வீட்டுத் தலா நுகர்வு பக்கத்திலேயே இன்னொரு பத்தி. வகுபடும் எண் உற்பத்தியா, நிகர நுகர்வா, இழப்பு சேர்ந்ததா என்று பட்டியலின் தலைப்பிலேயே ஒரு வரி. மக்கள்தொகை எந்த ஆண்டுக் கணக்கெடுப்பை ஒட்டியது என்பதற்கு இன்னொரு வரி. முதலிடம், கடைசி இடம் என்ற வரிசை எண்களை எடுத்துவிட்டு நாடுகளை அகரவரிசையில் போடுங்கள்; பந்தயம் நடத்துகிறவர்கள் தாங்களே வரிசைப்படுத்திக்கொள்ளட்டும். இதழாளர்களிடமும் பாடநூல் ஆசிரியர்களிடமும் தனியாக ஒன்று: உலக வரைபடத்தில் கருநீலம் முதல் வெளிர்நீலம்வரை நிறம் தீட்டும்போது மொத்த எண்ணுக்கு ஒரு வரைபடம், வீட்டு எண்ணுக்கு ஒரு வரைபடம் என்று இரண்டு போடுங்கள். மாணவர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

வீட்டுக் கணக்கு நம்பத்தக்க விதத்தில் கிடைக்காத நாடுகளும் இருக்கும். பட்டியலின் அடிப்பகுதியில் அதிகமாகவே இருக்கும். அந்தக் கட்டத்தை அண்டை நாட்டுச் சராசரியாலோ பழைய ஆண்டின் எண்ணாலோ நிரப்பாமல் வெறுமையாகவே விட்டுவிடுங்கள். அங்கே அளக்க ஆள் அனுப்ப வேண்டும் என்று நிதி கேட்க உங்களுக்கே அது உதவும்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியல்களைத் தவறாமல் வாசிக்கும் ஒருவர்